கொழும்புக்குப் போகுமுன் இங்கே செய்ய வேண்டியவை: எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகும் திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றி விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எவ்வளவு குறையும், எவ்வளவு காசு முடியும். திருகோணமலையில் இருக்கிறவர் இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். கொழும்பில் செய்துகொண்டு திரும்பி வந்த பிறகு, இங்கே என்னை யார் பார்ப்பார்?

சத்திரசிகிச்சை ஒன்றிரண்டு மணித்தியால வேலை. ஆஸ்பத்திரியில் தங்குவது சில நாட்கள். அதன் பிறகு வருகிற சாப்பாட்டு மாற்றம், விட்டமின், இரத்தப் பரிசோதனை, மருந்துக் குறைப்பு எல்லாம் ஆயுள் முழுக்க நடப்பவை. அவை நடக்கப்போவது கொழும்பில் அல்ல, உப்புவெளியிலோ பாலையூற்றிலோ மூதூரிலோ உள்ள உங்கள் வீட்டில். என் அக்காவோடு இந்தப் பாதை முழுக்க நடந்தவள் நான். அவவுக்கு நன்றாகச் சரிவந்ததற்குக் காரணம், சத்திரசிகிச்சை நிபுணரின் கைத்திறனோடு, போகுமுன்னரே இங்கே செய்து வைத்த ஒழுங்குகளும்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒழுங்குகளுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இது யாருக்கான சிகிச்சை

கடும் உடற்பருமன் ஒரு நோய். சோம்பேறித்தனமோ வாய்க்கட்டு இல்லாமையோ அல்ல. எடை ஓர் அளவுக்கு மேல் ஏறிவிட்டால், குறைக்க முயலும்போதெல்லாம் உடம்பு பசியைக் கூட்டி, எரிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே இழுத்துக்கொண்டு வரும். எத்தனையோ தடவை குறைத்து, குறைத்ததைவிடக் கூட ஏறியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும்.

கணக்கு உடல் திணிவுச் சுட்டியில் தொடங்குகிறது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுங்கள். உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையைப் பிரியுங்கள். 1.58 மீற்றர் உயரமும் 112 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 45 வரும். 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பழைய விதி, சுட்டி 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து அதோடு நீரிழிவு, உயர் பிரஷர் போன்ற வருத்தங்களும் இருந்தால் சத்திரசிகிச்சை செய்யலாம் என்றது. 2022இல் இந்தச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் அதே துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அதைத் திருத்தின. இப்போது 35க்கு மேல் என்றால் வேறு வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30க்கும் 35க்கும் இடையில் உள்ளவர்களுக்கு, நீரிழிவு போன்றவை இருந்தால் யோசிக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வருவதால், 27.5இலேயே இந்தப் பேச்சைத் தொடங்கலாம் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. ஆனால் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் காத்திருப்போர் பலர். அதனால் உங்கள் எண்ணோடு சேர்த்து, கூட உள்ள வருத்தங்களையும் வைத்தே முன்னுரிமை பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகுக்காகச் செய்வது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பிழை. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு, சத்திரசிகிச்சை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. செய்தவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007இல் அதன் முடிவு வெளியானது. நீரிழிவு அடங்குவது, நித்திரையில் மூச்சு நிற்பது நீங்குவது, முழங்கால் நோ குறைவது, பிள்ளை தங்காமல் இருந்தவர்களுக்குத் தங்குவது எல்லாம் இதன் பலன்கள். உடுப்பின் அளவு குறைவது கூடவே கிடைப்பது.

முதல் வேலை: கையில் ஒரு ஃபைல்

நேரே கொழும்பில் சனல் பண்ணி, அதாவது தனியாரில் நிபுணரிடம் நேரம் பதிந்து, போய் இருக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே மருந்து எடுக்கும் கிளினிக்கில் தொடங்குங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்காக இருக்கலாம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளாகவும் இருக்கலாம். கிளினிக் ஒன்றும் இல்லாதவர், பக்கத்து சுகாதார நிலையத்தில் எடை, பிரஷர், சீனி பார்ப்பதில் தொடங்கலாம். வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "எடைக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமோ என்று பார்க்க விருப்பம். ஒரு கடிதம் தருவீங்களோ?" சுற்றி வளைத்துக் கதைத்தால் "நடவுங்கோ, சோற்றைக் குறையுங்கோ" என்ற பதிலோடு வெளியே வருவீர்கள். வரிசை நீண்டு கிடக்கிற கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். முதல் வசனமே விஷயமாக இருக்கட்டும்.

கடிதம் கிடைத்தால் அதோடு இவற்றைச் சேர்த்து ஒரு ஃபைல் கட்டுங்கள்: கிளினிக் கொப்பியின் பிரதி, எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாகப் பார்த்த இரத்தப் பரிசோதனைகள், முன்பு செய்த சத்திரசிகிச்சைகளின் விபரம், ஒவ்வாமைகள், உங்கள் எடை ஏறி இறங்கிய வரலாறு. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். எந்த வயதில் எவ்வளவு, எந்தப் பிள்ளைப்பேற்றோடு எவ்வளவு கூடியது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் அங்கே வேலை பாதியாகும்.

இங்கே இரண்டு சின்ன விஷயங்களைப் பெரிதாகச் சொல்ல வேண்டும். ஒன்று பிரஷர் பட்டி. பருமனான கையில் சாதாரணப் பட்டியைக் கட்டி அளந்தால், உண்மையில் இருப்பதைவிடக் கூடக் காட்டும். பட்டி கையைச் சுற்றி முடியாமல் பிதுங்குவதைக் கண்டால், "மிஸ், பெரிய பட்டி இருக்கோ?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிழையான எண்ணுக்குத் தேவையில்லாத குளிசை எழுதப்படலாம். மற்றது தராசு. அக்கா ஏறிய முதல் தராசில் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப்போய் நின்றது. கொப்பியில் அந்தக் கடைசிக் கோட்டின் எண்ணையே எழுதிவிட்டார்கள். உண்மையான எடை தெரியாமல் மயக்கமருந்தின் அளவைக்கூடச் சரியாகக் கணிக்க முடியாது. எத்தனை கிலோ வரை காட்டும் தராசு என்று கேட்டு, வேண்டுமென்றால் வேறிடத்தில் நிறுத்துக்கொண்டு போங்கள்.

என்ன செய்வார்கள்

இப்போது கூடுதலாக நடப்பவை இரண்டு. இரண்டையும் பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கமராவின் உதவியோடுதான் செய்கிறார்கள்.

முதலாவது ஸ்லீவ். இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீள வாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கும் பகுதியும் வெட்டிய துண்டோடு போய்விடுவதால் பசியும் அடங்கும். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இது அதைக் கூட்டக்கூடும்.

இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு சின்னப் பையை, சுமார் 30 மில்லி கொள்ளுமளவு, பிரித்தெடுத்துச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு நேராக இணைப்பார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் போகும். நீரிழிவுக்கும் நெஞ்செரிவுக்கும் இது கூடுதல் பலன் தரும். சீனியின் அளவு எடை குறையுமுன்னரே, சில நாட்களிலேயே இறங்கத் தொடங்குவதும் உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், இரும்பு, கல்சியம், பி12 எல்லாம் உறிஞ்சப்படுவது குறையும். ஒரே இணைப்போடு செய்யும் மினி பைபாஸும் நடக்கிறது.

இரைப்பைக்குப் பட்டி போடும் முறை உலகெங்கும் வழக்கொழிந்து வருகிறது. வயிற்றுக்குள் பலூன் வைப்பது சத்திரசிகிச்சை அல்ல. சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு எடை திரும்புவது சாதாரணம்.

பொதுவாக ஸ்லீவில் மொத்த எடையின் கால் பங்கும், பைபாஸில் அதைவிடக் கொஞ்சம் கூடவும் ஒன்று ஒன்றரை வருடத்தில் குறையும். அதாவது 120 கிலோக்காரர் 90க்கு வருவார். 55க்கு வரமாட்டார். இந்தக் கணக்கை மனதில் வாங்கிக்கொண்டு போகிறவர்களே பிறகு நிம்மதியாக இருப்பார்கள்.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. அனுபவமுள்ள நிலையங்களில் சத்திரசிகிச்சையை ஒட்டிய இறப்பு ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற அளவு. பித்தப்பை எடுக்கும் சத்திரசிகிச்சையோடு ஒப்பிடக்கூடிய அளவு அது. தைத்த இடம் கசிவது, இரத்தம் போவது, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகிய மூன்றும்தான் முக்கியமாகப் பயப்பட வேண்டியவை.

கொழும்புக் கிளினிக்கில்

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டு வருகின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அரசில் செய்தால் சத்திரசிகிச்சை இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரில் செய்கிறவர், சொல்லப்படும் தொகைக்குள் முந்திய பரிசோதனைகளும், சிக்கல் வந்தால் திரும்பப் படுக்கும் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல இது. ஹோர்மோன் நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர், உணவு ஆலோசகர், மயக்கமருந்து வைத்தியர், மனநல வைத்தியர் என்று பலர் பார்ப்பார்கள். மனநல வைத்தியரிடம் அனுப்பினால் "எனக்கென்ன பைத்தியமோ" என்று கோபிக்க வேண்டாம். மனவருத்தத்தில் சாப்பிடும் பழக்கமோ, மதுப் பழக்கமோ இருந்தால் முன்னரே கண்டுபிடித்து உதவுவதற்குத்தான். சத்திரசிகிச்சைக்குப் பின் மது வேகமாக உடம்பில் ஏறும், அடிமையாவதும் இலகு. குடிக்கிற ஆண்கள் இதை மறைக்காமல் சொல்வது அவர்களுக்கே நல்லது.

இரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன், இருதயப் பரிசோதனை, வாய் வழியே கமரா விட்டு இரைப்பையைப் பார்ப்பது, குறட்டை உள்ளவர்களுக்கு நித்திரைப் பரிசோதனை எல்லாம் வரும். இவற்றில் எவை திருகோணமலையிலேயே செய்யக்கூடியவை என்று முதல் நாளே பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். செய்யக்கூடியதை இங்கே முடித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு கடதாசிக்கும் இரவு பஸ் ஏற வேண்டியதில்லை.

சிங்களமோ ஆங்கிலமோ சரளமாகக் கதைக்கிற ஒருவரைக் கூட்டிப் போங்கள். வார்டில் தாதியர் சொல்லும் சாப்பாட்டு ஒழுங்கும் மருந்து ஒழுங்கும் சரியாக விளங்காவிட்டால் வீட்டுக்கு வந்து தடுமாறுவீர்கள். விளங்காததைத் திரும்பக் கேட்டு, அங்கேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. வேகமாக எடை குறையும் அந்தக் காலத்தில் சிசுவுக்குச் சத்துப் போதாது. ஆனால் எடை குறையக் குறைய கருத்தரிக்கும் வாய்ப்போ கூடும், வருடக்கணக்காகத் தங்காமல் இருந்தவர்களுக்கும் எதிர்பாராமல் தங்கும். பைபாஸுக்குப் பின் கருத்தடைக் குளிசையை முழுதாக நம்ப முடியாது. கருப்பைக்குள் வைக்கும் லூப் போன்ற வேறு வழியை உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் முன்னரே கேட்டு வையுங்கள்.

போகுமுன் இங்கே கட்டி வைக்க வேண்டியவை

திகதி கிடைத்ததும் கொழும்பில் தங்குமிடத்தைத் தேடுவதில் எல்லாருடைய கவனமும் போய்விடும். அதற்கு முன் இந்த வேலைகளைச் செய்யுங்கள்.

திருகோணமலையில் உங்களைத் தொடர்ந்து பார்க்கப்போகும் வைத்தியர் ஒருவரை முடிவுசெய்யுங்கள். கிளினிக் வைத்தியராகவும் இருக்கலாம், உங்கள் வழக்கமான குடும்ப வைத்தியராகவும் இருக்கலாம். நேரில் போய், "இந்தத் திகதியில் எனக்கு இந்தச் சத்திரசிகிச்சை. வந்த பிறகு சீனி, பிரஷர் குளிசைகளைக் குறைக்க வேண்டிவரும். நீங்கள் பார்ப்பீங்களோ?" என்று கேட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள். சத்திரசிகிச்சை செய்யும் குழுவின் தொலைபேசி இலக்கத்தை அவரிடமும் கொடுங்கள். சாப்பாடு திடீரென்று குறையும்போது பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையோ எடுத்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். பிரஷர் குளிசையும் அப்படித்தான், எழும்பும்போது தலை சுற்றி விழுத்தும். வீட்டில் சீனி பார்க்கும் கருவியும், பெரிய பட்டியுள்ள பிரஷர் கருவியும் இருக்கட்டும்.

விட்டமின்கள் எந்த பார்மசியில் கிடைக்கும் என்று இப்போதே விசாரியுங்கள். கல்சியம் சிட்ரேட், முழு மல்டி விட்டமின், பி12 ஆகியவற்றின் பெயர்களைக் கொழும்பில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, நகரத்தில் இரண்டு மூன்று கடைகளில் காட்டுங்கள். இங்கே இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கானதைக் கொழும்பிலேயே வாங்கி வர வேண்டும். மாதாமாதச் செலவாக இதைக் குடும்பக் கணக்கில் எழுதுங்கள். சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்த்துவிட்டு விட்டமினுக்குக் காசில்லாமல் நிறுத்தியவர்கள்தான் பிறகு இரத்தச்சோகையோடும் கால் விறைப்போடும் வருகிறார்கள்.

புகைப்பவர் குறைந்தது ஆறு கிழமைக்கு முன் நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு கிழமை, ஈரலைச் சுருக்குவதற்கென்று கடும் குறைந்த கலோரிச் சாப்பாடு தருவார்கள். கொழுப்புப் படிந்த பெரிய ஈரல் இரைப்பையை மூடிக்கொண்டு கிடந்தால் கமராவில் வேலை செய்ய முடியாது, சில வேளை இடையில் நிறுத்தவும் நேரும். "கடைசியா ஒருக்கா" என்று கொத்து ரொட்டியும் பிரியாணியும் வாங்கித் தர வருகிற அன்பானவர்களை இந்த இரண்டு கிழமையும் தள்ளி வையுங்கள்.

ஆஸ்பத்திரியும் திரும்பும் வழியும்

சத்திரசிகிச்சை முடிந்த அன்றே எழும்பி நடக்கச் சொல்வார்கள். நடவுங்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அதைவிட நல்ல மருந்து இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியும் தருவார்கள். வீட்டிலும் சில நாள் போடச் சொன்னால், எப்படிப் போடுவது என்று கூட வந்தவர் தாதியிடம் செய்து பழகிக்கொள்ளட்டும்.

துண்டு வெட்டியதும், அதாவது ஆஸ்பத்திரியில் துண்டு எழுதித் தந்து வீட்டுக்கு விட்டதும், நேரே திருகோணமலைக்குப் புறப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கசிவு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் தெரியும். அந்தக் காலத்தில் செய்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு. சொந்தக்காரர் வீடோ, வெள்ளவத்தையில் ஒரு அறையோ எடுத்து, முதல் பரிசோதனை முடியும் வரை தங்குங்கள்.

திரும்பும்போது குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஒவ்வோரிடத்திலும் வாகனத்தை நிறுத்தி இறங்கி நடவுங்கள். ஏழெட்டு மணித்தியாலம் அசையாமல் இருந்து வருவது, புதிதாகச் சத்திரசிகிச்சை செய்த உடம்புக்கு ஆபத்து. வசதியிருந்தால் பஸ்ஸை விட்டு வான் பிடியுங்கள். தண்ணீர்ப் போத்தல் மடியிலேயே இருக்கட்டும்.

முதல் கிழமைகளின் சாப்பாடு

உங்கள் குழு தரும் ஒழுங்கே முதன்மையானது. நாட்கள் இடத்துக்கு இடம் மாறும். பொதுவான போக்கையும், அதை நம் சமையலறையில் எப்படிச் செய்வது என்பதையும் சொல்கிறேன்.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம்: தண்ணீர், வடித்த சூப்பு, சீனி போடாத மெல்லிய பிளேன்டீ. பிறகு இரண்டு கிழமை வரை ஆடை நீக்கிய பால், தண்ணியாகக் கரைத்த பருப்பு, புரதப் பவுடர். அக்கா மருந்துப் போத்தலோடு வரும் 30 மில்லிக் கோப்பையில்தான் குடித்தா. அந்தக் கோப்பைச் சூப்பைக் குடித்து முடிக்க அவவுக்குக் கால் மணித்தியாலம் எடுக்கும். ஒரே மடக்கில் குடித்தால் நெஞ்சு அடைத்தது போல நோகும். பெரிய கோப்பையை வீட்டில் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், கை பழக்கத்தில் அதைத்தான் தேடும்.

மூன்றாம் நான்காம் கிழமைகளில் மசித்த சாப்பாடு. நமக்கு இங்கே அதிர்ஷ்டம், கடல் பக்கத்தில் இருக்கிறது. முள் இல்லாமல் எடுத்த பாரை அல்லது அறுக்குளாவை அவித்து, உறைப்பில்லாத சொதியில் குழைத்து மசியுங்கள். முட்டையும் பருப்பும் அப்படியே. கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிரும் நல்லதுதான், மேலாடையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று தேக்கரண்டி மட்டும். பாணி ஊற்றக் கூடாது. பைபாஸ் செய்தவர்கள் சீனிச் சாப்பாடு எடுத்தால் சிறிது நேரத்திலேயே நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றால் போகும்.

ஐந்தாம் ஆறாம் கிழமையில் மெதுவான சாப்பாடு, அதன் பிறகு படிப்படியாக வழமையான சாப்பாடு. ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மென்று விழுங்க வேண்டும். பாண், ரொட்டி, காய்ந்த பிட்டு, குழைந்த சோறு ஆகியவை உள்ளே களியாகி அடைக்கும். அவற்றை வெகு நாள் தள்ளிப் போடுங்கள். தட்டில் முதலில் மீனோ முட்டையோ பருப்போ, பிறகு மரக்கறி, இடம் மிஞ்சினால் மாச்சாப்பாடு. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய், இறைச்சி நார், தோடம்பழச் சக்கை போன்ற நார்ப் பொருட்கள் விழுங்கப்படாமல் கவனம்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான். ஆனால் ஒரு நாளில் ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் உள்ளே போகவும் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் வெயிலுக்கு இது கடினம். விடியற்காலையிலிருந்து மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. முதல் மாதத்தில் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பலர் போவது நீர் வற்றித்தான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், குறையாத வயிற்று நோ, இடது தோளில் நோ, ஓய்விலும் நாடி 120ஐத் தாண்டி ஓடுவது, மூச்சுத் திணறல், கறுப்பு மலம், ஒரு பக்கக் கால் வீங்கி நோவது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மாவட்ட வைத்தியசாலையில் ஏறியதும், "எடைக்குச் சத்திரசிகிச்சை செய்தது, இன்ன திகதி, இன்ன முறை" என்று சொல்லி, துண்டைக் காட்டி, கொழும்புக் குழுவின் இலக்கத்தைக் கொடுங்கள். இந்தத் துண்டின் படம் வீட்டில் எல்லாருடைய போனிலும் இருக்க வேண்டும்.

வாந்தி தனிக் கவனம் கேட்கும் விஷயம். இடைக்கிடை வேகமாகச் சாப்பிட்டு வருவது வேறு. நாட்கணக்காக நிற்காத வாந்தி என்றால், விட்டமின் பி1 தீர்ந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். சேலைன் ஏற்றுமுன் பி1 கொடுக்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் நினைவுபடுத்தத் தயங்காதீர்கள்.

நோ மருந்திலும் கவனம். பைபாஸ் செய்தவர்களுக்கு டைக்ளோபினாக், இபுபுறூபன் வகைகள் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். பல்லுக்கோ முதுகுக்கோ பார்மசியில் கேட்டு வாங்கும் குளிசை எதுவென்று பாருங்கள். பரசிட்டமோல் போதும்.

விட்டமின், ஆயுளுக்கும்

நாளாந்தம் மல்டி விட்டமின், கல்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை பிரித்துப் பிரித்து, விட்டமின் டி, இரும்பு, பி12. பி12ஐ மாதமொரு ஊசியாகவும் போடலாம், இங்கேயே. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், இரண்டு மணித்தியாலம் இடைவெளி. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுத்தால் பலன் பாதியும் போகும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருக்கா அளவில் இரத்தம் பார்த்து, பிறகு வருடமொரு தடவை. மூன்றாம் நாலாம் மாதத்தில் தலைமயிர் கொட்டும், பயப்பட வேண்டாம், புரதம் போதுமாக எடுத்தால் திரும்ப முளைக்கும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் வருவது உண்டு. வலப்பக்க மேல் வயிற்றில் நோ வந்தால் ஸ்கேன் செய்யுங்கள்.

சபை சந்தி

நம் ஊரில் அன்பைச் சாப்பாட்டால்தான் காட்டுவோம். கலியாண வீட்டில் "ஒரு வாய் எடு பிள்ளை, மெலிஞ்சு போனாய்" என்று தட்டில் அள்ளிப் போடுகிற மாமிக்குச் சத்திரசிகிச்சை பற்றி விளக்கத் தேவையில்லை. "வயித்தில ஒப்பிறேசன் மாமி, டொக்டர் இவ்வளவுதான் சொன்னவர்" என்றால் போதும், அவவே மற்றவர்களிடமிருந்து உங்களைக் காப்பாற்றுவா. வீட்டில் சமைப்பவர் ஒருவர், பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ, உணவு ஆலோசகரிடம் கட்டாயம் கூட வரவேண்டும். அவருக்கு விளங்காவிட்டால் ஒழுங்கு நாலாம் நாளே உடையும்.

விரதமும் நோன்பும் பற்றிப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்க இருப்பது முதல் 12 முதல் 18 மாதத்துக்கு வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ ஆலோசனை. நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதைக் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணியுமாக இருக்கிறவர்களும் அந்த வருடம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டால் போதும். அதன் பிறகு பிடிப்பதென்றால், முன்கூட்டி வைத்தியரிடம் கேட்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

எடை இறங்குவது ஒரு கட்டத்தில் நிற்கும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் கொஞ்சம் திரும்ப ஏறுவதும் வழக்கமே. கிலோக்கணக்கில் ஏறத் தொடங்கினால் ஒளிந்துகொள்ளாமல் கிளினிக்குக்குப் போங்கள். பால்தேத்தண்ணி, பிஸ்கட், மிக்சர் என்று நாள் முழுக்கக் கொறிப்பதுதான் பெரும்பாலும் காரணம். சின்ன இரைப்பையையும் இவை தடையில்லாமல் கடந்துபோகும். செமக்ளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகளும் இப்போது இருக்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் பதிலாகவும், பின் ஏறும் எடைக்கும் இவற்றைப் பாவிக்கிறார்கள். ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். மாதச் செலவைக் கணக்குப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

எடை குறைந்த பின் தொங்கும் தோல் வேறு பிரச்சினை. மடிப்புகளில் வியர்வையும் பூஞ்சையும் சேரும். காயவைத்து, பருத்தி உடுப்புப் போடுங்கள். தோலை எடுக்கும் சத்திரசிகிச்சையை, எடை ஆறு மாதமாவது நிலையாக நின்ற பிறகே யோசிக்கலாம்.

நடையை வீடு வந்த முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். பாரம் தூக்குவதை மட்டும் ஆறு கிழமைக்குத் தள்ளுங்கள், தண்ணீர் வாளியும் காஸ் சிலிண்டரும் இதில் அடக்கம். டச்சுக் குடா மணலில் நடப்பதைவிட, முழங்கால் நோ உள்ளவர்கள் முதலில் சமமான வீதியில் நடப்பது நல்லது. தையல் ஆறி, வைத்தியர் சரி என்ற பின் கடலில் இறங்கலாம்.